சுங்கச் சாவடியும் உள்நாட்டு வரிப் பட்டியலும்: சர்வதேச மோட்டார் வர்த்தகத்தில் இருவகை வரிகளின் வரலாறு

அந்நிய தேசத்தில் செய்யப்பட்ட மோட்டார் வண்டி ஒன்று உள்ளே வரும்போது அதன்மீது சர்க்கார் இரண்டு இடங்களில் கை வைக்கிறது. முதலாவது துறைமுகத்தில் விதிக்கப்படும் சுங்கவரி. இரண்டாவது, அவ்வண்டி கடைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் வீதிக்கும் வரும்போது விதிக்கப்படும் நுகர்வு வரி, பதிவு வரி, ஆண்டு வரி முதலிய உள்நாட்டு வரிகள். முன்னது அந்நியச் சரக்கை மட்டுமே தாக்குவது என்றும், பின்னது சுதேசச் சரக்கையும் அந்நியச் சரக்கையும் ஒரே கண்ணால் பார்ப்பது என்றும் பாகுபடுத்துவது பொருளாதார சாஸ்திரத்தின் நெடுநாள் வழக்கம். 1947இல் கையெழுத்தான ‘காட்’ என்னும் சுங்கவரி, வர்த்தகப் பொது உடன்படிக்கையும் இந்தப் பாகுபாட்டின்மீதே கட்டப்பட்டது: சுங்கவரியைத் தேசங்கள் தமக்குள் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம், உள்நாட்டு வரியை அவரவர் விருப்பம்போல் விதிக்கலாம், ஆனால் மூன்றாம் ஷரத்தின்படி அதில் பாரபட்சம் காட்டலாகாது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் மோட்டார் வர்த்தகத்தின் நூறாண்டுச் சரித்திரத்தைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு, சுங்கவரி எத்தனை சதவிகிதம் என்ற கேள்வியைக் காட்டிலும், உள்நாட்டு வரி தன் படிகளை எந்த அளவுகோலால் வகுத்தது, கோட்டை எந்த இடத்தில் கிழித்தது என்ற கேள்வியே அதிக விளைவுள்ளதாயிருந்தது என்பது புலனாகும். எந்த வண்டி எந்தத் தேசத்துக்குச் செல்லும் என்பதை மட்டுமன்றி, சில சமயங்களில் எந்த வண்டி பிறக்கும் என்பதையும் அக்கோடே நிர்ணயித்திருக்கிறது.

இதற்கு ஆதி உதாரணம் இங்கிலாந்து. சுதந்திர வர்த்தகத்தைச் சமயக் கோட்பாடுபோல் போற்றிவந்த அத்தேசத்தில், முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1915 செப்டம்பரில், நிதிமந்திரி ரெஜினால்ட் மக்கென்னா, மோட்டார் கார், கடிகாரம், சங்கீத வாத்தியம், சினிமாப் படச்சுருள் ஆகிய சுகபோகப் பொருள்களின் இறக்குமதிமீது 33⅓ சதவிகிதச் சுங்கவரி விதித்தார். கப்பல் இடத்தையும் அந்நியச் செலாவணியையும் யுத்தத்துக்கென மிச்சப்படுத்துவதே அப்போது சொல்லப்பட்ட காரணம். யுத்தம் முடிந்தது, வரி முடியவில்லை. 1924இல் தொழிற்கட்சி மந்திரிசபையின் பிலிப் ஸ்நோடன் அதை நீக்க, அடுத்த ஆண்டே வின்ஸ்டன் சர்ச்சில் மீட்டும் கொண்டுவந்தார். 1926இல் சரக்கு வண்டிகளும் அதன் வலைக்குள் வந்தன. ஏகாதிபத்தியச் சலுகை என்ற பெயரால் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தேசங்களின் சரக்குகளுக்கு இதில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைத்தபடியால், அமெரிக்க முதலாளிகள் கனடாவில் தொழிற்சாலை வைத்து அங்கிருந்து சாம்ராஜ்யச் சந்தைகளுக்கு வண்டி அனுப்புவதில் அனுகூலம் கண்டனர். 1926இல் இந்தியாவில் ஸ்தாபிக்கப்பட்ட ஃபோர்டு கம்பெனி அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் கிளையாக இல்லாமல் ஃபோர்டு கனடாவின் கிளையாக அமைந்தது இந்தச் சாம்ராஜ்ய ஏற்பாட்டையொட்டியே.

ஆனால் அமெரிக்க வண்டிகளை இங்கிலாந்தில் உண்மையில் தடுத்து நிறுத்தியது சுங்கவரிதானா என்று ஆராய்வோமாயின், வேறொரு வரி கண்ணில் படுகிறது. 1921 முதல், கார் வைத்திருப்போர் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் ஆண்டுக்கு ஒரு பவுன் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. குதிரைத்திறன் என்பது இயந்திரத்தின் மெய்யான வலிமையன்று. ராயல் ஆட்டோமொபைல் கிளப் வகுத்த ஒரு சூத்திரத்தின் விடை. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கமாக்கி, உருளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும். பிஸ்டன் ஓடும் நீளத்துக்கு இச்சூத்திரத்தில் இடமே இல்லை. 3¾ அங்குல விட்டமுள்ள நான்கு உருளைகளைக் கொண்ட ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டிக்குக் கணக்குப் போட்டால் 22.5 குதிரைத்திறன் வரும். அதாவது ஆண்டுக்கு 22 பவுனுக்கு மேல் வரி. 1922இல் வெளிவந்த ஆஸ்டின் செவன் வண்டிக்கோ 8 பவுன்தான். இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு: அக்காலத்து ‘மாடல் டி’ இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்த இறக்குமதிச் சரக்கன்று. 1911 முதலே மான்செஸ்டரை அடுத்த டிராஃபர்டு பார்க்கில் அது தயாராகிவந்தது. சுங்கச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து குடியேறிவிட்ட வண்டியைக்கூட உள்நாட்டு வரி, அதன் பிறப்பைக் கேளாமலே, உடலமைப்பை மட்டும் கேட்டுத் தண்டித்தது.

ஃபோர்டு கம்பெனி பாடம் கற்கப் பத்தாண்டு ஆயிற்று. ‘மாடல் ஏ’ வண்டிக்குக் குறுகிய உருளை கொண்ட ஓர் இயந்திரத்தைப் பிரிட்டனுக்கென்று தனியே செய்துபார்த்து, அதுவும் போதாமற்போக, 1932இல் 8 குதிரைத்திறன் ‘மாடல் ஒய்’ வண்டியை ஐரோப்பாவுக்கென்றே அமெரிக்காவில் வரைந்து டாகன்ஹாமில் தயாரித்தது. ஆங்கில முதலாளிகளோ சூத்திரத்துக்கு ஏற்றபடி குறுகிய விட்டமும் நீண்ட ஓட்டமும் உடைய இயந்திரங்களைச் செய்து உள்நாட்டில் செழித்தார்கள். அச்செழிப்புக்குப் பின்னால் ஒரு விலையும் இருந்தது. இங்கிலாந்தின் சிறு சாலைகளுக்கும் வரிச் சூத்திரத்துக்கும் பொருந்திய வண்டி ஆஸ்திரேலியாவின் நெடுஞ்சாலையிலும் ஆப்பிரிக்காவின் மேட்டுநிலத்திலும் அமெரிக்க வண்டிகளோடு ஈடுகொடுக்க இயலாமல் திணறியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், ஏற்றுமதி செய்தாலன்றித் தேசம் பிழையாது என்ற நெருக்கடி வந்தபோதுதான் சர்க்காருக்கு இது உறைத்தது. 1948 முதல் புதிய கார்களுக்கு ஆண்டுக்கு 10 பவுன் என்று வரி ஒரே மட்டமாக்கப்பட்டது. அந்நியரை வெளியே நிறுத்திய வரி சுதேசியரையும் உள்ளேயே பூட்டிவைத்தது என்பதே இருபத்தேழு ஆண்டுகளின் பலன்.

இவ்விடத்தில், படிநிலையுள்ள உள்நாட்டு வரிக்கும் விகிதாசார நுகர்வு வரிக்கும் உள்ள பேதத்தைக் கணக்காலேயே காட்டிவிடுவது நலம். ஏனெனில் இன்றைய வாதங்களில் பாதி இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளைவனவே. 1954இல் பிரான்சில் மோரீஸ் லோரே என்னும் வரி அதிகாரியின் யோசனையில் உருவாகி, 1968இல் மேற்கு ஜெர்மனியில் புகுந்து, பின்னர் ஐரோப்பா முழுவதும் பரவிய மதிப்புக் கூட்டு வரியை எடுத்துக்கொள்வோம். 20,000 யூரோ பெறுமானமுள்ள ஜெர்மன் வண்டி ஒன்று உள்நாட்டில் விற்கும்போது 19 சதவிகித வரி சேர்ந்து 23,800 ஆகிறது. அதே பெறுமானமுள்ள அமெரிக்க வண்டி, ஐரோப்பாவின் பொதுச் சுங்கமான 10 சதவிகிதத்தைச் செலுத்தி 22,000 ஆகி, அதன்மேல் 19 சதவிகிதம் சேர்ந்து 26,180க்கு விற்கிறது. இரண்டு விலைகளுக்கும் உள்ள விகிதம் சரியாக 1.1, அதாவது வேற்றுமை முழுவதும் சுங்கத்தால் வந்தது, நுகர்வு வரியால் அணுவளவும் வரவில்லை. ஜெர்மன் வண்டி அமெரிக்காவுக்குப் போகும்போது அவ்வரி திருப்பித் தரப்படுகிறதே என்பார் உளர். ஆம், தரப்படுகிறது. சரக்கு எங்கே நுகரப்படுகிறதோ அங்கேயே வரி என்பது இவ்வரியின் தர்மம். அமெரிக்காவிலும் மாகாண விற்பனை வரி ஏற்றுமதிமீது விதிக்கப்படுவதில்லை. அமெரிக்கர்களின் மனக்குறைக்கு மூலம் வேறு: மறைமுக வரியை எல்லையில் திருப்பித் தரலாம், வருமான வரி போன்ற நேர்முக வரியைத் திருப்பித் தரலாகாது என்று ‘காட்’ விதி வகுத்துவிட்டது; அவர்களுடைய மத்திய சர்க்காரோ நேர்முக வரியையே பெரிதும் நம்பியிருக்கிறது. அந்தக் குறை தத்துவ ரீதியில் வாதிக்கத்தக்கதே. எனினும் அதை ஐரோப்பா எழுப்பிய சுங்கச் சுவர் என்று பெயரிட்டழைப்பது கணக்குக்குப் பொருந்தவில்லை.

படிநிலை வரியின் கதை வேறு. பிரான்சில் வண்டிகளை ‘வரிக் குதிரைத்திறன்’ என்ற ஓர் அளவால் வகைப்படுத்தி ஆண்டு வரி வாங்குவது வழக்கமாயிருந்தது. 16 குதிரைத்திறன் வரையிலான வண்டிகளுக்கு வரி படிப்படியாக ஏறி 1,100 பிராங்கில் நின்றது. அந்த எல்லையைக் கடந்தால் ஒரே தாவாக 5,000 பிராங்கு ஆயிற்று. சட்டத்தின் வாசகத்தில் அந்நிய வண்டி என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் பிரான்சில் தயாரான கார் எதுவும் 16ஐத் தாண்டவில்லை. தாண்டியவை யாவும் ஜெர்மனி முதலிய வெளித்தேசங்களிலிருந்து வந்தவை. 36 குதிரைத்திறன் வண்டி வாங்கிய ஒரு பிரெஞ்சுக் குடிமகன் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காட, அது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. 1985 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது: பாரபட்சம் வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும் அதன் விளைவு பாதுகாப்பு வரியின் விளைவேயாதலால், ரோம் உடன்படிக்கையின் 95ஆம் ஷரத்துக்கு அது முரணானது. பிரெஞ்சுச் சர்க்கார் அந்தத் தாவலை நீக்கி, புதிய படிகளைக் கட்டியது. அப்படிகளும் உயர்ந்த வண்டிகளிடத்து மட்டும் விசேஷக் கடுமை காட்டின என்று 1987இல் மறுபடியும் தீர்ப்பாயிற்று. கோடு கிழிப்பவர் கையில் எழுத்தாணி இருக்கும்வரை நீதிமன்றம் பின்னாலேயே ஓட வேண்டியதுதான்.

இத்தாலியில் நடந்தது வேடிக்கை. 2,000 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு மதிப்புக் கூட்டு வரி 38 சதவிகிதம் என்று சாதாரண வீதத்தின் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தபடியால், வேகத்துக்கே பெயர்போன ஃபெராரி கம்பெனிகூட 1980இல் உள்நாட்டுக்கென்று 2,000 சி.சி.க்குட்பட்ட எட்டு உருளை ‘208’ வண்டியைச் செய்தது. மாசெராட்டியின் ‘பைடர்போ’ பிறந்ததும் இந்தக் கோட்டின் நிழலில்தான்.

ஆனால் சட்ட ஆராய்ச்சிக்கு எல்லாவற்றிலும் சுவையான வழக்கு டென்மார்க்கினுடையது. அத்தேசத்தில் கார் உற்பத்தியே இல்லை. ஆனால் பதிவு வரியோ உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. விலையின் முதற்பகுதிக்கு 105 சதவிகிதமும் ஒரு வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு 180 சதவிகிதமும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது. 2015இல்தான் மேல்வீதம் 150 ஆகக் குறைந்தது. பதிவு வரி விதிக்கப்பட்டதோ, 25 சதவிகித மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தபின் உள்ள விலையின்மீது. ஆகவே 180 சதவிகித மேல்வரம்பில், தொழிற்சாலை கேட்கும் ஒவ்வொரு 100 குரோனரும் 125 ஆகி, அதன்மேல் 225 வரி ஏறி, வாங்குபவர் கைக்கு 350 ஆக வந்து சேர்ந்தது. இதை ஐரோப்பியக் கமிஷன் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றபோது, 1990 டிசம்பரில் நீதிமன்றம் சொன்ன விடை தர்க்கத்துக்கு உகந்தது, வாங்குபவருக்கு உதவாதது: பாரபட்சம் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுதேச வண்டி ஒன்று வேண்டும், அப்படி ஒன்று இல்லாத தேசத்தில் வரி எவ்வளவு உயர்ந்தாலும் அந்த ஷரத்தின்கீழ்க் குற்றம் காண வழியில்லை. ஆனால் பழைய வண்டிகள் விஷயத்தில் அதே தீர்ப்பு வேறு திசையில் சென்றது. டென்மார்க்கில் ஏற்கெனவே பதிவாகி ஓடிய பழைய வண்டியைச் சுதேசச் சரக்காகக் கொள்ளலாம். அதை மறுவிற்பனை செய்கையில் பதிவு வரி மீண்டும் இல்லை. வெளியிலிருந்து வரும் பழைய வண்டிக்கோ அதன் உண்மை மதிப்புக்கு மேற்பட்ட மதிப்பை வைத்து வரி. அது பாரபட்சமே என்று முடிவாயிற்று. பிற்காலத்தில் ஹங்கேரி, போலந்து, ருமேனியா ஆகிய தேசங்கள் பழைய வண்டிகளின் வெள்ளத்துக்கு அணையாகப் போட்ட வரிகளும் இதே நியாயத்தால் அடுத்தடுத்து உடைந்தன.

டென்மார்க்கின் வரி வர்த்தகத்தில் எதிர்பாராத ஒரு விளைவையும் உண்டாக்கியது. சில்லறை விலை வரியால் வானளாவ உயர்ந்துவிடும் சந்தையில் வண்டியை விற்க விரும்பிய உற்பத்தியாளர், வரிக்கு முந்திய விலையைத் தாமே தாழ்த்த வேண்டியதாயிற்று. 1993 முதல் ஐரோப்பியக் கமிஷன் வெளியிட்டுவந்த கார் விலை அறிக்கைகளில் வரிக்கு முந்திய விலை டென்மார்க்கில் மிகத் தாழ்ந்தும் 1990களின் பிற்பகுதியில் பிரிட்டனில் மிக உயர்ந்தும் காணப்பட்டது. புதிய வாகனத்துக்கு மதிப்புக் கூட்டு வரியைப் பதிவு செய்யும் தேசத்திலேயே கட்டவேண்டும் என்பது 1993 முதல் விதியாதலால், அயல்நாட்டார் டேனிஷ் வரியைத் தொடாமல் டேனிஷ் விலையை மட்டும் பெற வழியிருந்தது. ஒரு தேசத்தின் கொடிய வரி மறு தேசத்து நுகர்வோருக்குத் தள்ளுபடியாக மாறிய இந்த விந்தையைப் பாடநூல்கள் போதிய அளவு எடுத்துப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தகைய குறுக்கு வர்த்தகத்தை உற்பத்தியாளர் விரும்பவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தாலிய லிராவின் வீழ்ச்சியால் அங்கு மலிந்த வண்டிகளை ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் வாங்கவொட்டாமல் தடுத்ததற்காக 1998இல் வோக்ஸ்வாகன் கம்பெனிக்கு 10.2 கோடி எக்யூ (யூரோவுக்கு முந்திய ஐரோப்பிய நாணய அலகு) அபராதம் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 9 கோடி யூரோவாகக் குறைந்தது.

சுங்கவரிதான் கோட்டை கிழித்தது என்று சொல்லத்தக்க பெரிய விதிவிலக்கு அமெரிக்காவில் உண்டு. அதன் மூலம் கோழி இறைச்சி. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1962இல் அமெரிக்கக் கோழியின்மீது தீர்வையை உயர்த்த, ‘காட்’ நடுவர்கள் நஷ்டத்தை 2.6 கோடி டாலர் என்று மதிப்பிட, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சரக்கு வண்டி ஆகியவற்றின்மீது பதில் வரி விதித்தார். வோக்ஸ்வாகனின் சரக்கு வேனே குறி. மற்றவை காலப்போக்கில் மறைந்தன. சரக்கு வண்டிமீது 25 சதவிகிதம் மட்டும் நிலைத்தது. பயணக் காருக்கு வரி 2.5 சதவிகிதமாகத் தாழ்ந்தபின், பத்து மடங்கு வித்தியாசமுள்ள அந்த எல்லைக்கோட்டில் எத்தனை தந்திரங்கள்! ஜப்பானிலிருந்து 1970களில் சரக்கு வண்டிகளைப் பின்தட்டு இல்லாமல் வெறும் சட்டகமாக இறக்கித் துறைமுகத்துக்கு அப்பால் தட்டுப் பூட்டினார்கள். சுபாரு கம்பெனி ‘பிராட்’ வண்டியின் சரக்குத் தட்டிலேயே இரண்டு ஆசனங்களை வெல்டிங் வைத்து அதைப் பயணக் கார் ஆக்கியது. இறுதியில் இத்தந்திரத்தில் அகப்பட்டது ஓர் அமெரிக்கக் கம்பெனி. துருக்கியில் செய்த ‘டிரான்சிட் கனெக்ட்’ வேன்களைப் பின்னாசனத்தோடு இறக்கி, சுங்கம் கடந்ததும் ஆசனத்தைக் கழற்றி எறிந்த ஃபோர்டு, 2013இல் சுங்க இலாகாவின் எதிர்த் தீர்மானத்துக்கு ஆளாகி, நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமாயிற்று.

ஜப்பானின் விஷயம் நேர் எதிர். அங்கு காரின்மீதுள்ள சுங்கவரி 1978இலேயே பூஜ்யமாயிற்று. எனினும் அமெரிக்க வண்டி விற்கவில்லை. காரணங்கள் பல. வலப்புறச் சுக்கானைப் பொருத்த மறுத்த அமெரிக்கரின் அசட்டையும் அவற்றுள் ஒன்று. ஆனால் 2,000 சி.சி.யோ 1.7 மீட்டர் அகலமோ தாண்டினால் சரக்கு வரி 18.5இலிருந்து 23 சதவிகிதமாகவும், ஆண்டு வரி 39,500 யென்னிலிருந்து 81,500 யென்னாகவும் ஏறிய ஏற்பாடு, டெட்ராயிட்டின் வண்டிகள் அனைத்தையும் கோட்டுக்கு அப்பால் நிறுத்தியது என்பதில் ஐயமில்லை. 1989 ஏப்ரலில் சரக்கு வரி ஒழிந்து 3 சதவிகித நுகர்வு வரி வந்தது. கார்களுக்கு மட்டும் தற்காலிகமாக 6. ஆண்டு வரியின் தாவலும் மட்டப்படுத்தப்பட்டது. அமெரிக்கர் கேட்டுப் பெற்ற இந்தத் திறப்பை அனுபவித்தவர் யார் என்றால், முதலில் ஜெர்மானியர்; அடுத்து ஜப்பானியரே. 1990இல் மிட்சுபிஷி வெளியிட்ட அகன்ற ‘டியாமான்டே’ கார் புதிய வரிப் பட்டியலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையாக விற்றது.

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் காலத்தில், 1996இல் இந்தோனேசியா, ஜனாதிபதி சுகார்த்தோவின் மகனுடைய கம்பெனி விற்ற ‘டிமோர்’ காருக்குச் சுங்கத்தையும் சுகபோக வரியையும் ஒருங்கே தள்ளுபடி செய்து அதைத் தேசியக் கார் என்று அழைத்தது. கொரியாவின் கியா தொழிற்சாலையில் முழுதாகச் செய்யப்பட்டுக் கப்பலில் வந்த வண்டிகளும் அச்சலுகையில் இருந்தன. 1998 ஜூலையில் நடுவர் குழு அதை முறைகேடென்றது. அதற்குள் சுகார்த்தோவே பதவியிழந்திருந்தார். பாரபட்சம் அம்மணமாக நிற்கும்போது விதிகள் எளிதில் வேலை செய்கின்றன.

அவ்வாறு நில்லாத கோட்டுக்கு நம் தேசமே சான்று. 2006 வரவுசெலவுத் திட்டத்தில் ப. சிதம்பரம், 4 மீட்டருக்குட்பட்ட நீளமும், பெட்ரோலாயின் 1,200, டீசலாயின் 1,500 சி.சி.க்குட்பட்ட இயந்திரமும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24இலிருந்து 16 சதவிகிதமாகக் குறைத்தார். இறக்குமதிக் காரைத் தடுக்கச் சுங்கம் ஏற்கெனவே மிக உயரமாக நின்றது. இக்கோடு செய்த காரியம் உள்ளே உற்பத்தியாகும் வண்டியின் உருவத்தை நறுக்கியது. முதலில் 4 மீட்டருக்கு மேல் நீண்டிருந்த மாருதி டிசையர் 2012இல் வால் குறுகி 3,995 மில்லிமீட்டர் ஆயிற்று. மறுபுறம், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 2007 முதல் தயாரான ஹூண்டாய் ‘ஐ10’ அங்கிருந்தே ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. சிறு கார் ஐரோப்பாவுக்கும் வேண்டியதாயிருந்ததால் நம் கோடு அங்கே தடையாகவில்லை. வால் நறுக்கிய சிறு செடானுக்கோ அப்படிப்பட்ட சந்தை வெளியில் பெரிதாக வாய்க்கவில்லை. இங்கிலாந்தின் நீண்ட ஓட்ட இயந்திரத்தை நினைவுறுத்தும் இவ்வேறுபாடு தனி ஆராய்ச்சிக்கு உரியது. 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி திருத்தப்பட்டபோது வீதங்கள் 18 என்றும் 40 என்றும் மாறின. கோடு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

அதே 2025இல் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், ஐரோப்பாவின் மதிப்புக் கூட்டு வரியையும் சுங்கத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று பிப்ரவரியில் கட்டளையிட்டு, ஏப்ரலில் எல்லா அந்நியக் கார்கள்மீதும் 25 சதவிகிதம் கூடுதல் வரி விதித்தார். பின்னர் ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் மொத்தம் 15 என்றும், பிரிட்டனுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வண்டிவரை 10 என்றும் பேரம் முடிந்தது. மேலே காட்டிய கணக்கின்படி, விகிதாசார வரியை நோக்கி எய்யப்பட்ட அம்பு இது. கார் வர்த்தகத்தை வளைத்துவந்த படிநிலை வரிகள் இந்தப் பேரங்களில் முக்கிய இடம் பெறவில்லை.

அத்தகைய வரி இறக்குமதியைத் தடுப்பதற்கு மட்டுமன்றி வளர்ப்பதற்கும் கருவியாகக்கூடும் என்பதை நார்வே காட்டுகிறது. டென்மார்க்கைப் போலவே பெயர்சொல்லத்தக்க கார்த்தொழில் இல்லாத அத்தேசம், பெட்ரோல் கார்மீது எடைக்கும் புகைக்கும் ஏற்றபடி கடுமையான பதிவு வரி வாங்கிக்கொண்டே, மின்காருக்கு 1990 முதல் அவ்வரியையும் 2001 முதல் மதிப்புக் கூட்டு வரியையும் விலக்கியது. பின்னைய விலக்கு 2023இல் விலையின் முதல் 5 லட்சம் குரோனருக்கு மட்டுமெனக் குறுகியது. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் 88.9 சதவிகிதம் மின்கார்கள். அமெரிக்க டெஸ்லாவும் சீன வண்டிகளும் அச்சந்தையில் புகுந்தது இந்த வாசல் வழியாகவே. அவ்வாண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சீன மின்கார்கள்மீது 35.3 சதவிகிதம் வரை கூடுதல் சுங்கம் விதித்தபோது நார்வே அதில் சேர மறுத்தது. காத்துக்கொள்ளத் தொழிற்சாலை ஏதும் இல்லாத அந்தச் சர்க்காருக்கு, எந்த வண்டி வர வேண்டும் என்பதைச் சொல்ல உள்நாட்டு வரிப் பட்டியலே போதுமானதாக இருந்தது.